கொமோடோ கடியில் கொல்வது கிருமியா, விஷமா?

ஜூன் 3, காலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

கொமோடோ டிராகன் எருமையை ஒரே ஒரு கடி கடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், அதன் வாயில் அழுகிக் கிடக்கும் இறைச்சியில் வளர்ந்த கிருமிகள் எருமையின் இரத்தத்தில் கலந்து நாலைந்து நாளில் அதைச் சாய்க்கும், அதுவரை டிராகன் பின்னாலேயே நடக்கும் என்று பள்ளி நாட்களிலிருந்து கேட்டு வருகிறேன். இப்போது அதற்கு விஷச் சுரப்பி இருக்கிறது என்கிறார்கள். எது சரி? கொமோடோவும் உடும்பு வகைதான் என்றால், நாம் பார்க்கும் உடும்புக்கும் விஷம் உண்டா?

ஜூன் 3, இரவு

கிருமிக் கதையை விட்டுவிடுங்கள். நானும் பத்துப் பதினைந்து வருடம் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கதை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதி புரிந்துவிடும். வால்டர் ஆஃபன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1969-70இல் மனைவி, பிள்ளைகளோடு இந்தோனேசியாவின் கொமோடோ தீவிலேயே குடியிருந்து இந்த விலங்கைக் கவனித்தார். 1981இல் வெளிவந்த அவருடைய புத்தகம் இன்றுவரை இந்தத் துறைக்கு அடிப்படை. கடிபட்டுத் தப்பிய எருமைகள் புண் அழுகிச் சாவதை அவர் பார்த்தார். எச்சிலில் கிருமிகளையும் கண்டார். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்.

எருமை அந்தத் தீவுகளின் இயற்கை இரை இல்லை, மனிதன் கொண்டுபோய் விட்டது. காலில் கிழிபட்ட எருமை என்ன செய்யும்? தண்ணீரைத் தேடி ஓடும். அங்கே இருப்பதோ தேங்கிய குட்டை, அதிலும் எருமைகளே சாணம் போட்டுக் கலக்கிய தண்ணீர். திறந்த புண்ணோடு அதில் போய்ப் படுத்தால் புண் சீழ் பிடிக்காமல் என்ன செய்யும்? கிருமி குட்டையிலிருந்து வந்தது, பழி டிராகன் வாய்மேல் விழுந்தது. மானும் பன்றியும் அப்படி நாள்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடப்பதில்லை. அகப்பட்டால் பெரும்பாலும் அந்த இடத்திலேயே இரத்தம் வடிந்து முடிந்துவிடும்.

2013இல் அமெரிக்க விலங்குக் காட்சிச்சாலைகளில் உள்ள கொமோடோக்களின் வாயைத் துடைத்தெடுத்துச் சோதித்தார்கள். மற்ற ஊனுண்ணிகளின் வாயில் இருப்பதைப் போன்ற சாதாரணக் கிருமிகள்தான் இருந்தன. இன்னொன்று, இந்த விலங்கு வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ளக்கூடியது. தின்று முடித்ததும் கால் மணி நேரம்வரை உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், தலையை இலையில் தேய்க்கும். பல்லிடுக்கில் இறைச்சி அழுகித் தொங்குகிறது என்பது நாமாகக் கட்டிய கதை.

விஷம் பற்றி: 2009இல் பிரையன் ஃப்ரை என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளரும் அவர் குழுவும் கொமோடோவின் தலையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, கீழ்த்தாடையில் அறை அறையாகப் பிரிந்த சுரப்பி இருப்பதைக் காட்டினார்கள். அதிலிருந்து வரும் சாறு இரத்தம் உறைவதைத் தடுக்கிறது, இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது. ஆகவே கொல்வது விஷம்தான்.

உடும்பு பற்றி நாளை எழுதுகிறேன். அதில் என் விரல் சம்பந்தப்பட்டிருக்கிறது.

ஜூன் 4

விரல் கதை.

தோட்டத்தில் பறவை வராமலிருக்கக் கட்டிய நைலான் வலையில் உடும்பு ஒன்று மாட்டிக்கொண்டது. முழு வளர்ச்சி இல்லை, மூக்கிலிருந்து வால்நுனிவரை ஒன்றரை முழம் இருக்கும். வலை கழுத்தில் இறுகி, தொண்டைத் தோல் உப்பி உப்பித் தணிந்துகொண்டிருந்தது. சாக்கைப் போட்டு உடம்பை அமுக்கிக்கொண்டு கத்தரியால் கண்ணி கண்ணியாக வெட்டினேன். கடைசிக் கண்ணியை வெட்டும்போது சாக்கு நழுவியது. இடது கை ஆள்காட்டி விரல் அதன் வாயில்.

கடித்துவிட்டு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தாடையை மெல்ல மெல்ல அழுத்தியது, நடுவில் ஒருமுறை பிடியை மாற்றி இன்னும் ஆழமாகப் பிடித்தது. உடும்புப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்! இழுத்தால் சதை கிழியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். சாக்கை எடுத்துவிட்டுத் தரையோடு தரையாகக் கையை வைத்ததும், கால் மண்ணில் பட்ட நொடியே விட்டுவிட்டு வேலிக்குள் பாய்ந்தது.

ஊசி குத்தியது போல வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள், ஒரு இடத்தில் மட்டும் கீறல். அந்த அளவுக் காயத்துக்குப் பத்து நிமிடத்தில் இரத்தம் நின்றிருக்க வேண்டும். துணி மாற்றி மாற்றிக் கட்டியும் இரண்டு மணி நேரத்துக்குமேல் கசிந்தது. மாலைக்குள் விரல் வீங்கி, தோளைத் தொடும் வலி. மருத்துவர் பார்த்துவிட்டு, பல்லி வகையில் விஷமே கிடையாது, வாய்க் கிருமிதான் என்று சொல்லி டெட்டனஸ் ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்.

ஃப்ரையின் கட்டுரைகளைப் படித்தபோது அந்த மருத்துவர் சொன்னது தப்பு என்று எனக்குத் தோன்றியது. ஆஸ்திரேலியாவில் உடும்புக் கடி பட்டவர்களுக்கும் இதே வீக்கம், இதே நிற்காத இரத்தம். ஆகவே சாதாரண உடும்புக்கும் கொஞ்சம் விஷம் உண்டு என்பது என் கட்சி.

ஜூன் 5

ஒரு திருத்தம். 2013 சோதனை காட்சிச்சாலையில் சுத்தமான இறைச்சி தின்று வளரும் விலங்குகளில் செய்தது, காட்டு விலங்குக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம். 2002இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் காட்டுக் கொமோடோக்களின் எச்சிலையும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் பாக்டீரியா வகைகள் கூடுதல், ஆபத்தானதாகச் சொல்லப்பட்ட பாஸ்ச்சரெல்லாவும் இருந்தது. ஆனால் பாஸ்ச்சரெல்லா பூனை வாயிலும் நாய் வாயிலும் சர்வசாதாரணமாக இருப்பது. பூனை கடித்தாலும் கை சீழ் பிடிக்கும். அதற்காகப் பூனை கிருமியை ஆயுதமாக வைத்து எலி பிடிக்கிறது என்று சொல்வோமா? கடியில் தொற்று வரலாம் என்பது ஒன்று, வேட்டையே தொற்றை நம்பி நடக்கிறது என்பது வேறு. இரண்டாவதுக்குத்தான் ஆதாரம் இல்லை.

ஜூன் 7

விஷப் பல்லி என்று தேடினால் கொமோடோவே முதலில் வருகிறது. எனக்கு அது குறையாகப் படுகிறது. விஷமுள்ள பல்லி என்று யாரும் மறுக்காத இனம் வேறு: ஹெலோடெர்மா. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களிலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் வாழும் கிலா மான்ஸ்டர் (அவர்கள் உச்சரிப்பில் ஹீலா, அரிசோனாவில் ஓடும் ஆற்றின் பெயர்), மெக்சிகோ, குவாத்தமாலாவில் வாழும் மணிப்பல்லி வகைகள். ஹீலாவுக்கு 1869இல் பெயர் வைத்த எட்வர்டு கோப், பல்லில் பள்ளம் இருப்பதைப் பார்த்து விஷம் இருக்கும் என்று சந்தேகித்தார். அந்தச் சந்தேகமே பெயராகிவிட்டது: சஸ்பெக்டம்.

அரை மீட்டர் நீளம். உடம்பெல்லாம் மணி கோத்தது போலச் சின்னச் சின்ன எலும்புக் குமிழ், அதன்மேல் கறுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த கோலம். வால் கிழங்கு போலத் தடித்திருக்கும், கொழுப்பைச் சேர்த்து வைக்கும் இடம் அது. ஆயுளில் பெரும்பகுதி வளைக்குள்தான். பறவை முட்டை, கூட்டிலுள்ள குஞ்சு, முயல் குட்டி என்று வருடத்தில் சில பெரிய வேளைச் சாப்பாடு கிடைத்தால் போதும். முட்டையையும் கண் திறக்காத குட்டியையும் தின்னும் விலங்குக்கு விஷம் எதற்கு? தன்னைக் காத்துக்கொள்ளத்தான். அதனால்தான் அந்த விஷம் கொல்வதைவிட வலிப்பதில் வல்லது.

விஷம் செலுத்தும் முறையும் பாம்பிலிருந்து வேறுபட்டது. பாம்புக்குச் சுரப்பி மேல்தாடையில், அதை அமுக்கத் தசை உண்டு, ஊசி போட்டது போல ஒரு நொடியில் இறக்கிவிடும். ஹீலாவுக்குச் சுரப்பி கீழ்த்தாடையில், அமுக்கத் தசை இல்லை. எச்சிலோடு கலந்து வழியும் விஷம் பல்லின் பள்ளம் வழியாக ஏறிப் புண்ணுக்குள் போக வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே கவ்விக்கொண்டு மெல்லும், விடாது. நீண்ட நேரம் மென்றால் ஆபத்து கூடும். மாற்று மருந்து கிடையாது. 2024இல் கொலராடோவில் வீட்டில் வளர்த்த ஹீலா கடித்து ஒருவர் சில நாட்களில் இறந்தார். அபூர்வம்தான், ஆனால் நடக்காது என்று சொல்ல முடியாது.

ஜூன் 8

ஹீலா விஷத்திலிருந்துதான் இப்போது எல்லோரும் பேசும் எடை குறைப்பு ஊசி வந்தது என்று ஒருவர் சேர்த்திருக்கிறார். பாதி சரி. மீதிப் பாதியைத் திருத்தாமல் விட மனமில்லை.

ஜான் எங் என்ற அமெரிக்க மருத்துவர் 1990களின் தொடக்கத்தில் ஹீலா விஷத்தில் எக்ஸெண்டின்-4 என்ற புரதத் துணுக்கைக் கண்டார். சாப்பிட்டதும் நம் குடலில் சுரந்து இன்சுலினைத் தூண்டும் ஜி.எல்.பி.-1 ஹார்மோனை அது ஒத்திருந்தது. நம் ஹார்மோன் ஓரிரு நிமிடத்தில் சிதைந்துபோகும், பல்லியுடையது மணிக்கணக்கில் நிற்கும். அதை ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்த எக்ஸெனடைடு என்ற மருந்து 2005இல் நீரிழிவுக்கு அனுமதி பெற்றது.

இப்போது பேசப்படும் செமாக்ளுடைடு அதன் நேர்வாரிசு அல்ல. அது மனித ஜி.எல்.பி.-1ஐயே சீக்கிரம் சிதையாதபடி மாற்றிச் செய்தது. பல்லி காட்டியது வழியை: இந்த ஹார்மோன் உடம்பில் நீண்ட நேரம் நின்றால் என்ன ஆகும் என்று. அதுவே பெரிய விஷயம். ஒருவேளை அந்தப் பாலைவனங்களில் ஹீலாவை அடித்தே தீர்த்திருந்தால்? அரிசோனா 1952லேயே அதற்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. மருந்தைப் பற்றி யாருக்கும் கனவுகூட இல்லாத காலம் அது.

ஜூன் 12

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். "ஆகவே கொல்வது விஷம்தான்" என்று முடித்திருக்கிறேன். கிருமிக் கதையை எவ்வளவு உறுதியாகச் சொன்னேனோ அதே உறுதியோடு இன்னொன்றைச் சொல்லியிருக்கிறேன். சரி இல்லை.

சுரப்பி இருக்கிறது, சாறு இரத்த உறைவைக் குலைக்கிறது. இது ஆய்வகத்தில் தெரிந்தது. காட்டில் ஒரு மான் விழும்போது அந்தச் சாற்றின் பங்கு எவ்வளவு என்பது வேறு கேள்வி. கொமோடோவுக்கு ஹீலா போலப் பல்லில் பள்ளம் கிடையாது, சாறு பற்களுக்கிடையே கசிவதுதான். அதன் பற்களோ ரம்பம் போன்றவை, பின்பக்கம் வளைந்தவை. கடித்துக்கொண்டு பின்னால் இழுத்தால் தொடைச் சதை பிளந்து வந்துவிடும். அப்படிக் கிழித்த பிறகு விஷத்துக்கு என்ன வேலை மிச்சம் என்று கேட்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேள்வியை ஒதுக்க முடியாது. பாம்பு, உடும்பு, இகுவானா எல்லாவற்றுக்கும் ஒரே பொது மூதாதையிடமிருந்து விஷம் வந்தது என்ற கருத்தும் (டாக்ஸிகோஃபெரா என்று பெயர்) இதேபோல விவாதத்தில்தான் இருக்கிறது. விஷத்தில் உள்ள அதே புரதங்கள் வேறு உறுப்புகளில் சாதாரண வேலையும் செய்கின்றன என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

இப்போது நான் சொல்வது: இரத்தம் போய்ச் சாகிறது. பல் வாய்க்காலை வெட்டுகிறது. விஷம் அதை அடைபடாமல் வைக்க உதவலாம்.

என் விரலையும் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுகிறேன். நுண்ணிய பல்லால் பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஆழமாகக் குத்தி, நடுவில் பிடி மாற்றி நசுக்கினால் விஷமே இல்லாவிட்டாலும் விரல் வீங்கும். விரல்நுனியில் இரத்த ஓட்டமும் அதிகம். விஷமாகவும் இருக்கலாம், பல உடும்பினங்களின் சாற்றைச் சோதித்ததில் சிலவற்றில் இரத்தம் உறைய வேண்டிய புரதத்தைச் சிதைக்கும் தன்மை தெரிந்திருக்கிறது. ஆனால் ஒரு விரலை வைத்து ஒரு இனத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது அவசரம். அந்த மருத்துவர்மேல் எனக்கிருந்த கோபமும் இந்த வாரத்தோடு போயிற்று.

ஜூன் 12, பிற்பகல்

இதில் விட்டுப்போனது, முக்கியம். 2014இல் ஒரு மருத்துவ இதழில், உடும்பு கடித்துச் சிறுநீரகம் செயலிழந்ததாக ஒரு நோயாளியின் விவரம் வந்தது. விஷக்கடி நிபுணர்கள் சிலர் அதை மறுத்து எழுதினார்கள்: அறிகுறிகள் கண்ணாடி விரியன் கடியோடு பொருந்துகின்றன என்று. கடித்தது எது என்று கண்ணால் பார்க்காதவர்கள், பார்த்தும் உறுதியில்லாதவர்கள், "உடும்பாகத்தான் இருக்கும்" என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. பாம்புக்கடி என்றே நினைத்து உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஜூன் 16

பல்லைப் பற்றி ஒரு அருமையான செய்தி. 2024இல் வெளிவந்த ஆய்வு: கொமோடோ பல்லின் ரம்ப விளிம்பிலும் நுனியிலும் இரும்பு படிந்திருக்கிறது. ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய பூச்சாகக் கண்ணுக்கே தெரியும். பல்லின் எனாமல் மிக மெல்லியது, அதற்குக் காப்பு இது. அரிவாளின் விளிம்பில் மட்டும் எஃகு வைத்து அடிப்பது போல. இத்தனைக்கும் பற்கள் விழுந்து விழுந்து முளைப்பவை. நேற்று முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 20

கொமோடோவை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டவருக்கு: ஒரு விலங்குக் காட்சிச்சாலையில், கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று, முக்கால் மணி நேரம்.

படுத்தே கிடந்தது. கூட்டம் சலித்துப்போய் நகர்ந்துவிட்டது. பிறகு எழுந்தது. முன்னங்கால் நகங்கள் சிமெண்டில் உரசும் சத்தம் கண்ணாடி தாண்டிக் கேட்டது. நான் நின்ற இடத்துக்கே வந்து நாக்கை நீட்டியது. மஞ்சள் கலந்த வெள்ளை, ஒரு சாண் நீளம், நுனியில் இரண்டாகப் பிரிந்த நாக்கு. பாம்பைப் போலப் படபடவென்று அல்ல, நிதானமாக வெளியே வந்து, வளைந்து, கண்ணாடியைத் தொட்டு, ஈரக்கோடு ஒன்றைப் போட்டுவிட்டு உள்ளே போனது. பிளவின் இரண்டு நுனியும் தனித்தனியே வாசனைத் துகளை அள்ளி, மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டுபோகும். எந்த நுனியில் வாசனை கூடுதலோ இரை அந்தப் பக்கம். காற்று சாதகமாக இருந்தால் பல கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கும் பிணத்தைக்கூட இப்படியே கண்டுபிடிக்கும்.

பற்களை மட்டும் பார்க்க முடியவில்லை. ஈறு மூடிக்கொண்டிருக்கும். தின்னும்போது தன் ஈற்றைத் தானே கிழித்துக்கொள்ளும், எச்சிலில் இரத்தம் கலந்து வழிவது அதனால்தான். "அழுகல் வாய்" என்ற பெயர் வர இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

ஜூன் 21

குட்டிகளைப் பற்றி எழுத மறந்தேன். குப்பையும் மண்ணும் குவித்து அதில் முட்டையிடும் ஒரு பறவை அந்தத் தீவுகளில் உண்டு. அதன் மேட்டைத் தோண்டிப் பெண் கொமோடோ இருபது முட்டை அளவில் இடும். எட்டு, ஒன்பது மாதம் கழித்துக் குஞ்சு வெளிவந்ததும் முதல் வேலை மரம் ஏறுவது. ஏனென்றால் கீழே இருக்கும் பெரியவை குஞ்சுகளைத் தின்னும். உடம்பு கனத்து மரம் தாங்காத வயதுவரை மேலேயே பல்லியும் பூச்சியும் தின்று வளரும். கீழே இறங்க நேர்ந்தால், தின்று போட்ட குடலின் சாணத்தில் புரண்டு தன் வாசனையை மறைத்துக்கொள்ளும். சொந்த இனத்துக்குப் பயந்தே பாதி இளமை கழிகிறது.

அப்பன் இல்லாமலும் பிறக்கும். 2006இல் இங்கிலாந்தின் செஸ்டர் காட்சிச்சாலையில், ஆண் துணையையே அறியாத ஃப்ளோரா என்ற பெண் கொமோடோவின் முட்டைகளில் கரு இருந்தது. லண்டன் காட்சிச்சாலையில் சுங்காய் என்ற இன்னொன்றுக்கும் அப்படியே. அப்படிப் பிறப்பவை எல்லாம் ஆண். பறவைக்கு உள்ளதைப் போல இவற்றில் பெண்ணுக்குத்தான் இருவேறு பால் குரோமோசோம். தனியாகப் பிறக்கும் குஞ்சில் அந்த இரண்டில் ஒன்றே இரட்டிப்பாகிறது, அது பிழைத்தால் ஆணாகத்தான் இருக்கும். ஆளில்லாத தீவில் ஒதுங்கிய ஒற்றைப் பெண் தனக்கொரு துணையைத் தானே பெற்றுக்கொள்ள வழி இருக்கிறது என்பதை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. சுங்காய் பின்னால் ஆணோடு சேர்ந்தும் முட்டையிட்டது.

ஜூலை 2

இவ்வளவு பெரிதாக எப்படி ஆனது என்ற கேள்வி. தீவில் போட்டிக்குப் புலி, சிறுத்தை இல்லாததால் பெருத்தது, ஒருகாலத்தில் அங்கிருந்த குள்ள யானைகளைத் தின்று பெருத்தது என்றெல்லாம் சொல்லி வந்தார்கள். 2009இல் வந்த புதைபடிவ ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. ஆஸ்திரேலியாவில் சுமார் 38 லட்சம் வருடத்துக்கு முந்தைய கொமோடோ எலும்புகள் கிடைத்திருக்கின்றன, அப்போதே இதே பருமன். பெரிதாகவே பிறந்த இனம் தீவுகளுக்குப் பரவி, கண்டத்தில் அழிந்து, தீவில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதைவிடப் பெரிய உறவும் அங்கே இருந்தது: 1859இல் ரிச்சர்டு ஓவன் விவரித்த மெகலானியா. எலும்புகள் துண்டு துண்டாகக் கிடைப்பதால் நீளத்தை ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இணையத்தில் பார்க்கும் பெரிய எண்களை நம்பிவிடாதீர்கள்.

கொமோடோவுக்கும் அப்படித்தான். 166 கிலோ என்று எங்கும் போடும் எடையில் வயிற்றிலிருந்த சாப்பாடும் சேர்த்தி. காட்டில் நன்கு வளர்ந்த ஆண் 70 கிலோ சுமார். தன் எடையில் முக்கால் பங்குக்குமேல் ஒரே வேளையில் தின்னக்கூடிய விலங்கை எந்த நாள் நிறுத்தீர்கள் என்று கேட்க வேண்டும்.

1912இல்தான் பீட்டர் ஓவன்ஸ் என்ற டச்சு விலங்கியலாளர் கொமோடோவுக்கு அறிவியல் பெயர் வைத்தார். கொமோடோ தீவுக்குப் பக்கத்திலுள்ள பாடார் தீவில் 1970களில் அது அற்றுப்போனது. 2021இல் அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலில் ஒரு படி மேலே ஏற்றிவிட்டார்கள், கடல் மட்ட உயர்வு ஒரு முக்கியக் காரணம். கண்டம் கைவிட்டு, தீவில் பிழைத்து, இப்போது தீவின் கரையும் ஏறி வருகிறது.

ஜூலை 9

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். கொல்லைப்புறத்தில் உடும்பு ஒன்று தினமும் வருகிறதாம், குழந்தைகள் இருக்கிறார்கள், விஷம் பற்றி இவ்வளவு படித்தபின் பயமாக இருக்கிறது, என்ன செய்வது என்கிறார்.

அடிக்க வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். அது உங்கள் குழந்தையைத் தேடி வரவில்லை. எலி, நத்தை, முட்டை, பூச்சி ஏதோ கிடைக்கிறது, வருகிறது. ஓட வழி விட்டால் ஓடிவிடும். மூலையில் அடைத்தால்தான் தொண்டையை உப்பிக்கொண்டு சீறும், வாலால் சாட்டையடி கொடுக்கும், கடைசியாகத்தான் கடிக்கும். குழந்தைகளை வாலின் நீளத்தைப் போல நாலு மடங்கு தள்ளி நிற்க வைத்து, சத்தம் போடாமல் பார்க்கச் சொல்லுங்கள். நாக்கு எந்தப் பக்கம் அதிகம் வளைகிறதோ அந்தப் பக்கம் நடக்கும். இரண்டு நாள் பார்த்தால் குழந்தைகளே அது திரும்புவதற்கு முன்னால் திசையைச் சொல்லிவிடுவார்கள்.

வலை ஏதும் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள்.